தானே வழித்துக்கொள்ளும் முட்கரண்டி

நுவரெலியாவில் தை மாதக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. அடுப்பங்கரையில் சற்று நேரம் வைத்து எடுத்தால்தான் எண்ணெய் அசையும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24, 25 பாகை செல்சியஸில் உருகுவது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையோ 16 பாகையை ஒட்டியே நிற்கிறது. கொழும்பில் எண்ணெயாக ஓடுவது இங்கே மெழுகாக உறைகிறது. பாத்திரம் துலக்குபவருக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும். வடை எடுத்த முட்கரண்டியைப் பீலித் தண்ணீரில் காட்டிய மறுநொடி, எண்ணெய் கழுவப்படுவதற்குப் பதிலாக முட்களுக்கு இடையில் வெள்ளையாக இறுகிவிடும். விரலால் தேய்த்தால் பரவும். சவர்க்காரம் போட்டாலும் குளிர்ந்த தண்ணீரில் சுலபத்தில் விடாது.

சுடுதண்ணீர் வைக்கலாமே என்பார்கள். விறகு அடுப்பை நம்பியிருக்கும் லயத்துக் காம்பராவில் பாத்திரத்துக்கென்று ஒரு கேத்தில் தண்ணீர் கொதிக்க வைப்பது விறகுக் கணக்கைக் கேட்காமல் நடக்காது. காலையில் தோட்டத்து ஆள்கணக்கெடுப்பான பிரட்டுக்கு நேரமாகிவிட்ட வீட்டில் அது நடக்கவே நடக்காது. எனவே தண்ணீர் படுவதற்கு முன்பே தன்மேல் ஒட்டியதில் பெரும்பங்கை உதிர்த்துவிடும் கருவி இந்த மலைநாட்டுக்குப் பொருத்தமானது. அப்படி ஒரு சமையல் முட்கரண்டியை ஒரு பட்டறையில், தகட்டையும் அரத்தையும் கொண்டு எப்படிச் செய்வது என்பதே இந்த அத்தியாயம்.

முதலில் ஒரு வார்த்தை. ‘தானே சுத்தமாகும்’ என்று விற்கப்படும் கருவி எதுவும் முழுக்கத் தானே சுத்தமாவதில்லை. நூற்றில் தொண்ணூறு பங்கை அது வழித்துத் தள்ளினால், மிச்சத்தைக் கழுவக் கொஞ்சம் தண்ணீர் போதும். அவ்வளவுதான் எதிர்பார்க்கத் தக்கது. ஆனால் வழிப்பதற்காகச் சேர்க்கும் ஒவ்வொரு மூட்டும், ஒவ்வொரு சுருளும், அழுக்கு ஒளிந்துகொள்ள ஒரு புது இடுக்கையும் கொண்டுவருகிறது. இந்த வடிவமைப்பின் முழுச் சண்டையும் இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

ஒட்டுவது எது, எங்கே

முட்கரண்டியில் ஒட்டுவன எல்லாம் ஒரே இனமல்ல. தேங்காய்ப்பூவும் கோதுமை மாவும் பிசைந்த ரொட்டி மா, மாச்சத்தால் ஒட்டுகிறது. இதைச் சுடுதண்ணீரில் போட்டால் நிலைமை மோசமாகும்: கோதுமையின் மாச்சத்து 60 பாகையை ஒட்டி வெந்து பசையாகிவிடும். மா பட்ட கருவியைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பதே சரி. முட்டையும் அப்படியே, வெள்ளைக்கருவும் அதே சூட்டின் அருகில்தான் உறையத் தொடங்குகிறது. எண்ணெயும் கொழுப்பும் நேர்மாறானவை, அவற்றுக்குச் சூடு வேண்டும். நுவரெலியாவின் அவித்த உருளைக்கிழங்கு மூன்றாவது வகை. அது முட்களின் மேல் ஒட்டுவதைவிட முட்களுக்கு நடுவில் ஆப்பு அடித்தாற்போல் சிக்கிக்கொள்வதுதான் அதிகம்.

இந்த மூன்றாவது வகைதான் வடிவமைப்பாளர் முதலில் கவனிக்க வேண்டியது. நான்கு முட்கள் நெருக்கமாக உள்ள மேசைக் கரண்டியில் மூன்று இடுக்குகள் இருக்கின்றன; இரண்டு முட்கள் உள்ள சமையல் கரண்டியில் ஒன்றுதான். வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் ஒரு முள்ளைக் கூட்டினால், துலக்குபவரின் வேலையையும் கூட்டியதாகும். கிழங்கு பிசைய, வடை எடுக்க, கருவாடு சுட, ரொட்டி புரட்ட என்று ஒரே கருவி வேண்டுமானால் மூன்று முட்கள் போதும்.

குளிரைப் பற்றி இன்னொரு செய்தி. உறைந்த கொழுப்பைக் கழுவுவது கடினம், வழிப்பது சுலபம். ஓடும் எண்ணெயைத் தகட்டால் தள்ளினால் அது தகட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்துவிடும். இறுகிய கொழுப்போ சீவலாகத் திரண்டு முன்னால் போகும். எனவே வழிக்கும் கரண்டி கொழும்புச் சமையலறையைவிட நுவரெலியாச் சமையலறையில் நன்றாக வேலை செய்யும். கரண்டியைப் பயன்படுத்தியதும் ஓரிரு நிமிடம் ஆறவிட்டு, பிறகு வழித்து, கடைசியில் கைபொறுக்கும் சூட்டில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினால், மிஞ்சிய படலமும் உருகிவிடும். கொதிநீர் தேவையில்லை, 45 பாகையே தேங்காய் எண்ணெய்க்கு ஏராளம்.

பூச்சு ஏன் உதவாது

பட்டறைக்குப் போகுமுன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். அசையும் பாகமே இல்லாமல், ஒட்டாத பூச்சு ஒன்றைப் பூசிவிட்டால் என்ன?

ரோய் பிளங்கெட் 1938இல் அமெரிக்காவில் தற்செயலாகக் கண்டெடுத்த டெஃப்ளான், எண்ணெயும் எளிதில் பற்றாத பொருள்தான். தாச்சிக்கு அது பொருந்தும், ஏனென்றால் தாச்சி சும்மா இருக்கிறது. முட்கரண்டியின் வேலை குத்துவதும் சுரண்டுவதும். தாச்சியில் உரசும் முள்நுனியில் பூச்சு முதல் சில வாரங்களிலேயே போய்விடும்; போகிற இடம் சோறும் கறியும்.

மழை நாளில் லயத்தின் பின்புறம் வளர்ந்திருக்கும் சேம்பிலையைப் பார்த்தவர்கள் இன்னொரு வழியைச் சொல்லக்கூடும். நீர்த்துளி உருண்டு ஓடும்போது தூசியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகிறது. தாமரை இலையும் இப்படித்தான். ஜெர்மனியின் பொன் நகரத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லொட் 1990களில் இதை விரிவாக விளக்கி எழுதினார். நுண்ணிய மேடுகளும் அவற்றின் மேல் மெழுகும் சேர்ந்து தண்ணீரை விலக்குகின்றன. ஆனால் இலை விலக்குவது தண்ணீரை, எண்ணெயை அல்ல. எண்ணெயின் பரப்பிழுவிசை தண்ணீருடையதில் பாதியைவிடக் குறைவு, அதனால் அது அந்த மேடுகளுக்குள் பரவிவிடும். சேம்பிலையில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும். இலை வாழும்வரை மெழுகைப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது. இரும்புக்கு அந்த வசதி கிடையாது.

ஆக, தள்ளித்தான் ஆக வேண்டும்.

பிட்டுக் குழலும் ஐஸ்கிரீம் கரண்டியும்

தள்ளி வெளியேற்றும் சமையல் கருவியை மலையகத்தார் வெளியில் தேட வேண்டியதில்லை. மூங்கில் பிட்டுக் குழல் அதுவே. அடியில் துளையிட்ட ஒரு வில்லை, மேலே அவிந்த பிட்டு, கீழிருந்து ஒரு குச்சி. குச்சியால் வில்லையைத் தள்ளினால் பிட்டு முழுதாக வெளியே வருகிறது. வரும்போதே வில்லை குழலின் உட்சுவரையும் வழித்துக்கொண்டு வருகிறது. இதில் சுருள்வில் இல்லை, திருகாணி இல்லை, கீல் இல்லை. வில்லை குழலோடு கட்டப்பட்டிருக்கவும் இல்லை. தள்ளி முடித்ததும் தனியே கையில் விழுகிறது. எல்லாப் பாகத்தையும் தனித்தனியாகத் துலக்கலாம். இந்த எளிமையை மேம்படுத்த முயன்றவர்கள் பெரும்பாலும் கெடுத்திருக்கிறார்கள் என்பதே இந்நூலாசிரியரின் எண்ணம்.

இடியப்ப உரல் அதே குடும்பத்துக்காரன், ஆனால் அரைகுறை. மேலுலக்கை மாவை அழுத்தித் தள்ளுகிறது. கடைசிப் படலமும் துளைகளுக்குள் இருக்கும் மாவும் அங்கேயே தங்கிவிடுகின்றன. காய்ந்த பிறகு ஈர்க்குச்சி எடுத்து ஒவ்வொரு துளையாகக் குத்த வேண்டும். தள்ளும் பாகம் துளைக்குள் நுழையாததுதான் குறை. மேல்நாட்டுப் பூண்டு நசுக்கிகள் சிலவற்றில் இதற்குத் தீர்வு இருக்கிறது: கைப்பிடியைப் பின்புறமாக மடித்தால் அதில் உள்ள ஊசி வரிசை துளைகளுக்குள் புகுந்து தோலை வெளியேற்றும்.

ஹட்டன் நகரத்துக் கூல் பாரில் ஐஸ்கிரீம் எடுக்கும் கரண்டியைக் கவனித்தால் இன்னொரு பாடம் கிடைக்கும். கைப்பிடியை அழுத்தியதும் கிண்ணத்தின் உட்புறத்தை ஒரு மெல்லிய தகடு வளைந்து வழித்து, உருண்டையை விடுவிக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இருந்த ஆல்பிரட் கிராலே என்ற கறுப்பின இளைஞர் 1897ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி காப்புரிமை பெற்ற கருவி, இந்த வழிக்கும் தகட்டை ஒரே கையால் இயங்க வைத்தது. ஐஸ்கிரீம் கரண்டியில் ஒட்டிக்கொள்வதையும், அதை வழிக்க இன்னொரு கரண்டியும் இன்னொரு கையும் தேவைப்படுவதையும் பார்த்துத்தான் அவர் அதைச் செய்தார். ஒரு கையில் தாச்சியைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு முட்கரண்டியும் அப்படித்தான் இருக்க வேண்டும்: பிடித்த கையின் பெருவிரலே தள்ள வேண்டும்.

முட்கரண்டியிலேயே இந்த யோசனை பழையது. ஊறுகாய்த் துண்டை முள்ளிலிருந்து தட்டில் தள்ளிவிட, நழுவும் கம்பி பொருத்திய சிறு முட்கரண்டிகள் பழைய மேல்நாட்டு வெள்ளிச் சாமான்களில் காணப்படுகின்றன. அவற்றின் நோக்கம் விரல் படாமல் பரிமாறுவது. துலக்குவதற்கு வேறு ஆள் இருந்த வீடுகளுக்காகச் செய்தவை என்பதால், இடுக்கைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 1876இல் தொடங்கிய நுவரெலியாவின் ஹில் கிளப்பில் இரவு விருந்துக்கு இன்றும் கோட்டும் டையும் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும்; அங்கு தட்டுக்கு அருகில் வரிசையாக அடுக்கும் முட்கரண்டிகளில் அசையும் பாகம் ஒன்றும் தேவைப்பட்டதில்லை. துலக்குபவர் வேறு, உண்பவர் வேறு என்றால் கருவி மாறாது.

ஸ்டோரிலிருந்து கற்கக்கூடியது

தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு ஒட்டும் தொல்லை புதிதல்ல. அரைபட்ட கொழுந்தின் சாறு இயந்திரத்தில் படிந்து காய்ந்தால் கறுத்துப் புளிக்கும், பக்றீரியா பெருகும், மறுநாள் தேயிலையின் வாசனையே கெடும். அதனால் உருட்டும் மேசைகளையும் சல்லடைகளையும் நாள்தோறும் கழுவுகிறார்கள். லூல்கந்துரையில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் தொடக்கத்தில் தன் பங்களா விறாந்தையில், மேசை மேல் கையாலேயே கொழுந்தை உருட்டினார். மேசையைத் துடைத்தால் வேலை முடிந்தது. 1870களில் உருட்டும் இயந்திரங்கள் வந்த பிறகுதான் எந்த மூலையில் சாறு தங்குகிறது என்ற கேள்வி எழுந்தது.

அசாமின் அம்குரி தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் 1930களின் தொடக்கத்தில் உருவாக்கிய சீ.டி.சீ. இயந்திரம் இந்தக் கேள்விக்கு ஒரு சாமர்த்தியமான விடை. மலையகத்தில் அதிகம் நடப்பது பழைய உருட்டும் முறைதான் என்றாலும், சீ.டி.சீ. உருளைகளின் அமைப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. பற்கள் வெட்டிய இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழல்கின்றன, ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு வேகமாக. மெதுவான உருளை கொழுந்தை ஏந்தி வருகிறது. வேகமான உருளை அதைக் கிழித்துப் பிடுங்கிக்கொண்டு போகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால் கொழுந்து நசுங்கி உருளையிலேயே அப்பிக்கொள்ளும். பரப்புகள் இரண்டும் ஒன்றை ஒன்று கடந்து நகர வேண்டும், அதுவும் நெருக்கமாக. ஒட்டியதை விடுவிப்பது அந்த வேக வித்தியாசம்தான்.

மாவு, தேயிலை சலிக்கும் இயந்திரங்கள் பலவற்றில் சல்லடைக்கு அடியில் இறப்பர் பந்துகளைத் துள்ளவிட்டிருப்பார்கள். பந்து மோதும் ஒவ்வொரு முறையும் கண்ணில் அடைத்த தூள் உதிர்கிறது. யாரும் இயக்க வேண்டியதில்லை. அழகான ஏற்பாடு, ஆனால் முட்கரண்டிக்கு உதவாது, ரொட்டி மா அதிர்வுக்கு மசியாது.

இரண்டு தகடுகள், ஒரே மடிப்பு

இனிக் கருவி. இரண்டே துண்டுகள்: முட்களும் கைப்பிடியும் சேர்ந்த ஒரு தட்டையான துண்டு, அதன்மேல் நழுவும் ஒரு வழிப்பான்.

முதல் துண்டுக்கு 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள எவர்சில்வர் தகடு, 304 என்ற ரகம். இதில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் என்ற அளவில் இருப்பதால் புளிக்கும் உப்புக்கும் ஈடுகொடுக்கும். காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. கடையில் தகட்டைச் சோதிக்க அது ஓர் எளிய வழி. தேய்ந்த கவ்வாத்துக் கத்தியை வெட்டிச் செய்துவிடலாமென்று தோன்றும். வேண்டாம். அது கரிம உருக்கு, ஒரு இரவு ஈரத்தில் கிடந்தால் துரு ஏறும். துரு ஏறிய சொரசொரப்பில் மா இரட்டிப்பாக ஒட்டும். பித்தளையும் வேண்டாம். ஈயம் பூசாத பித்தளையில் தேசிக்காயும் புளியும் பட்டால் களிம்பு பிடிக்கும்.

முட்கள் மூன்றும் நேராக இருக்க வேண்டும். மேசைக் கரண்டிபோல் வளைத்தால் வழிப்பான் அந்த வளைவில் ஓடாது, சிக்கும். ஒவ்வொரு முள்ளும் 70 மில்லிமீற்றர் நீளம். அடியில் 4 மில்லிமீற்றர் அகலம், நுனிக்குப் போகப்போக 2.5 மில்லிமீற்றராகக் குறுக வேண்டும். முட்களுக்கு இடையில் அடிப்பகுதியில் 7 மில்லிமீற்றர் இடைவெளி. மொத்த அகலம் 26 மில்லிமீற்றர் வரும்.

இந்தக் குறுகல்தான் இதில் பாதி வேலையைச் செய்கிறது. வார்ப்பு வேலை செய்பவர்கள் அச்சிலிருந்து பொருள் சுலபமாகக் கழலச் சுவரைச் சற்றே சரித்துவைப்பார்கள். இங்கும் அதே தந்திரம். அடியில் முள்ளை இறுக்கிப் பிடித்திருந்த மா, நுனியை நோக்கி நகர நகர, முள் மெலிவதால் பிடி விட்டுப்போகிறது. முதல் பத்து மில்லிமீற்றருக்குத்தான் பெருவிரலுக்குப் பலம் தேவை; பிறகு அது தானாகவே வழுக்கிப் போகும். முள்ளை ஒரே அகலமாகச் செய்துவிட்டு நுனியை மட்டும் கூராக்கினால் இந்த நன்மை கிடைக்காது. நடுவில் பெருத்த முள் இன்னும் மோசம்.

வழிப்பானுக்கு 1.2 மில்லிமீற்றர் தகடு. 8 மில்லிமீற்றர் அகலத்தில் நீளமான பட்டி, அதன் முன்னந்தலை அகன்று 34 மில்லிமீற்றராக விரிய வேண்டும். அந்த அகன்ற தலையைச் செங்குத்தாகக் கீழே மடித்தால் அதுவே முட்களைத் தழுவும் தகடு. அதில் மூன்று துளைகள், ஒவ்வொன்றும் 4.6க்கு 2.6 மில்லிமீற்றர். முள்ளின் அடிப்பகுதியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 0.3 மில்லிமீற்றர் விடுதல் கிடைக்கும். இதைவிட இறுக்கினால், எவர்சில்வரோடு எவர்சில்வர் உரசிப் பிறாண்டிக்கொண்டு நின்றுவிடும். இந்த உலோகத்துக்கு அந்தக் குணம் உண்டு. இதைவிடத் தளர்த்தினால் மா தகட்டுக்குப் பின்னால் நழுவும். துளையைச் சிறு துரப்பண ஊசியால் வரிசையாகத் துளைத்து, நுண் அரத்தால் சதுரமாக்கலாம். ஸ்டோர் வேர்க்‌ஷொப்பில் பிட்டராக இருந்தவருக்கு இது ஒரு மதியத்து வேலை.

மடிப்பின் உட்புறம் கூர்மையான மூலையாக இருக்கக் கூடாது. உணவுத் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு உட்புற வளைவின் ஆரை குறைந்தது 3 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்பது நடைமுறை. பரப்பின் சொரசொரப்பு 0.8 மைக்ரோமீற்றருக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதே நடைமுறைதான். வீட்டுக் கருவிக்கு அதை அளக்கக் கருவி கிடைக்காது. ஆனால் அரத்தின் கீறல்கள் மறையும்வரை படிப்படியாக நுண்ணிய எமரித் தாளால் தேய்த்து, கடைசியில் முள்ளின் நீளவாக்கிலேயே மெருகிடலாம். குறுக்கே தேய்த்த கீறல் ஒவ்வொன்றும் மாவுக்கு ஒரு படிக்கட்டு.

மடித்த பிறகு பட்டிக்கும் கைப்பிடிக்கும் இடையில் 4 மில்லிமீற்றர் வெளி இருக்க வேண்டும். இது பலருக்குப் புதிராகப்படும். ஒட்டவைத்தால் அழகாக இருக்குமே என்பார்கள். ஒட்டவைத்தால் நடுவில் மயிரிழை இடுக்கு உருவாகும், அங்கே எண்ணெய் ஏறும், பிறகு எந்தத் தூரிகையாலும் எடுக்க முடியாது. இரண்டு பரப்புகள் ஒன்று சேர்ந்து பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது நடுவில் தும்பு நுழையும் அளவுக்கு விலகி இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள எதுவும் அழுக்குக்கு வீடு.

பட்டியின் பின்தலையில், வழிப்பான் தகட்டிலிருந்து 130 மில்லிமீற்றர் தள்ளி, பெருவிரலுக்கு ஒரு பொத்தான். அதன் அடியில் 4.5 மில்லிமீற்றர் தண்டும், தண்டின் நுனியில் 8 மில்லிமீற்றர் தலையும். தண்டு, கைப்பிடியில் வெட்டிய 5 மில்லிமீற்றர் அகலமுள்ள பிளவில் ஓடும். பிளவின் நீளம் 60 மில்லிமீற்றர்; அதன் முன்முனையில் மட்டும் 9 மில்லிமீற்றர் வட்டத் துளை, சாவித்துவாரத்தின் வடிவில். வழிக்கும்போது பெருவிரல் கீழ்நோக்கியும் அழுத்துவதால் தலை வட்டத்துளையிலிருந்து கழன்று வராது. கழுவும்போது முன்முனைக்குத் தள்ளிப் பொத்தானை மேலே தூக்கினால், முழு வழிப்பானும் முட்களின் நுனிவழியே கையோடு வந்துவிடும். திருகாணி வேண்டாம். பிட்டுக் குழலின் வில்லையிலிருந்து கற்றது இதுதான்.

சுருள்வில் வைத்தால் பொத்தான் தானே திரும்பும், பார்க்கவும் பகட்டாக இருக்கும். சமையலறையில் சுருள்வில்லைப்போல் துலக்க முடியாத பொருள் வேறில்லை. பெருவிரலே முன்னே தள்ளியதைப் பின்னே இழுக்கட்டும்.

சிக்காமல் ஓட ஒரு கணக்கு

மேசை இழுப்பறையை ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கலாம். ரொட்டி மா ஒரு பக்கத்து முள்ளில் மட்டும் ஒட்டியிருக்கும்போது வழிப்பானும் அப்படித்தான் கோணும். விதி இதுதான்: தாங்கும் இரு புள்ளிகளுக்கு இடையிலான நீளம், உராய்வுக் குணகத்தை இரண்டால் பெருக்கி, விசை விலகியிருக்கும் தூரத்தாலும் பெருக்கினால் வருவதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். உலர்ந்த உலோகத்துக்கு உராய்வுக் குணகத்தை 0.5 என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டால், இரண்டு மடங்கு ஒன்றாகிவிடும். அதாவது தாங்கும் நீளம் விலகல் தூரத்தைவிட அதிகமாக இருந்தாலே போதும். ஓரத்து முள் நடுவிலிருந்து 11 மில்லிமீற்றர் விலகியிருக்கிறது. முன்னால் துளைகளிலும் பின்னால் தண்டிலுமாக வழிப்பானைத் தாங்கும் நீளமோ 130 மில்லிமீற்றர். பத்து மடங்குக்கு மேல் கையிருப்பு, சிக்காது. பொத்தானைத் தகட்டுக்கு மிக அருகில் வைத்துச் செய்த சிறு மாதிரிகள் சிக்குவதன் காரணமும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. பொத்தான் தள்ளியிருப்பதில் இன்னொரு நன்மை, விரல் கொதிக்கும் எண்ணெயிலிருந்து விலகி நிற்கும்.

பட்டி நெளிந்துவிடாதா? 1.2 மில்லிமீற்றர் தடிப்பில், 130 மில்லிமீற்றர் நீளத்துக்கு, ஏறக்குறைய 13 கிலோ எடைக்குச் சமமான விசையில்தான் அது நெளியத் தொடங்கும். பெருவிரல் 2 கிலோவுக்கு மேல் தள்ள நேர்ந்தால் சமைப்பவர் கருவியை மூலையில் போட்டுவிடுவார். 0.8 மில்லிமீற்றர் தகட்டில் அந்தப் பதின்மூன்று நான்காகக் குறைந்துவிடும், ஏனெனில் தடிப்பு குறைந்தால் விறைப்பு அதன் முப்படிக்கேற்பக் குறைகிறது. தகட்டுக் காசை அங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது. உண்மையில் எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அறிய, கரண்டியைச் செங்குத்தாகப் பிடித்து, பொத்தானில் நூல் கட்டி, ஒரு விற்றராசால் இழுத்துப் பார்க்கலாம்.

மஞ்சள் சோதனை

செய்து முடித்த கருவி உண்மையாகவே சுத்தமாகிறதா என்று கண் சொல்வதை நம்பக் கூடாது. மஞ்சளை நம்பலாம். தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி மஞ்சள்தூள் கலந்து, கரண்டியை முழுக்க அதில் முக்கி எடுத்து ஆறவிட வேண்டும். பிறகு வழிப்பானைத் தள்ளி, வழக்கம்போல் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒரு வெள்ளைத் துணியால் ஒவ்வொரு மூலையையும் துடைக்க வேண்டும். துணியில் மஞ்சள் வந்தால் அங்கே ஓர் இடுக்கு. சவர்க்காரம் காரத்தன்மை உள்ளதால், அது எட்டியும் எடுக்காமல் விட்ட மஞ்சள் சிவப்பாக மாறியிருக்கும். மஞ்சளாகவே இருப்பது சவர்க்காரமே எட்டாத இடம். அரம் எடுத்துத் திரும்பவும் தொடங்க வேண்டியது அந்த இரண்டாவது இடத்தில்தான். அடுப்புச் சாம்பலால் துலக்குபவர்களுக்கும் இதே நிறமாற்றம் தெரியும். சாம்பலும் காரம், கொழுப்பை ஓரளவு சவர்க்காரமாக்கவும் செய்யும். ஆனால் சாம்பலில் மணல் கலந்திருந்தால் மெருகு போய்விடும்.

ரொட்டி மாவுக்கும் அவித்த கிழங்குக்கும் தனித்தனியே சோதிக்க வேண்டும். மாவைப் பிசைந்து கரண்டியில் அப்பிக் கால் மணி நேரம் காயவிட்டுத் தள்ளினால் நல்ல வடிவமைப்பும் மோசமான வடிவமைப்பும் உடனே பிரிந்து தெரியும். கிழங்கு அந்த அளவுக்குச் சோதிக்காது.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

வடை, ரொட்டி, கிழங்கு, இறைச்சி, கருவாடு ஆகியவற்றுக்கு இந்தக் கரண்டி நல்ல கருவி. சாப்பிடும் முட்கரண்டிக்கு இந்த அமைப்பு வேண்டவே வேண்டாம். வாய்க்குள் போகும் பொருளில் அசையும் தகடு கூடாது. உதடே அங்கு வழிப்பான். பொரித்த எண்ணெய் 180 பாகை வரை சூடேறும் என்பதால், பொத்தானைத் தவிர வேறெங்கும் பிளாஸ்டிக் வைக்கக் கூடாது. பொலிப்புரொப்பிலீன் 160 பாகையிலேயே உருகும். பொத்தானைக்கூட மரத்தில் செய்வதே மேல். மரத்தைப் பற்றவைக்க முடியாததால், தண்டை மரத்தின் ஊடாக முழுதாகச் செலுத்தி மேலே அடித்து இறுக்க வேண்டும்.

விற்கும் எண்ணம் உள்ளவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நழுவும் தகட்டால் தள்ளுவது பழைய யோசனை, அதற்கு யாரும் உரிமை கோர முடியாது. சாவித்துவாரம், ஒரே மடிப்பு, குறுகும் முள் ஆகியவற்றைப் புதிய விதத்தில் சேர்த்து அதனால் ஒரு புதுப் பயன் கிடைத்தால் மட்டுமே கோர வழியுண்டு. இந்த அத்தியாயத்தில் அச்சாகிவிட்ட அமைப்புக்கு அந்த வழியும் இல்லை. இதைத் தாண்டி ஒருவர் தானாக எதையாவது கண்டுபிடித்தால், கண்காட்சியிலோ கடையிலோ காட்டுவதற்கு முன்பே தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இலங்கையில் காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குச் செல்லும்.